நோட்டு மாதிரி நோட்டீஸ்

திருவல்லிக்கேணியில் டிடிபி, டிசைன் என்று பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வரும் ஆர்டர்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது ஒன்று உண்டு: "500 ரூபா நோட்டு மாதிரியே ஒரு நோட்டீஸ் போட்டுக் குடுங்க தம்பி." கடை திறப்பு, ஆடித் தள்ளுபடி என்று காரணம் மாறும். ரோட்டில் கிடந்தால் யாரும் குனிந்து எடுப்பார்கள், எடுத்தால் படிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. குனிந்து எடுக்கிற அளவுக்கு அது அசலாகத் தெரிகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

"தப்புன்னா கம்ப்யூட்டரே விடாதே" என்று சிலர் வாதாடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மண்ணடியில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், போர்டில் போடச் சொல்லி ஒரு யூரோ நோட்டைக் கொடுத்தார். ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் திறந்தால், பண நோட்டுப் படத்தை ஏற்க முடியாது என்று செய்தி வந்து நின்றுவிட்டது. "வைரஸா தம்பி?" என்று பதறிவிட்டார். வைரஸ் இல்லை. 2003இல் வந்த போட்டோஷாப் சிஎஸ் பதிப்பிலிருந்தே அந்தத் தடுப்பு இருக்கிறது. பல நாட்டு மத்திய வங்கிகள் சேர்ந்த ஒரு குழு கொடுத்தது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியில் சொல்வதில்லை.

கலர் ஜெராக்ஸ் மெஷின் மறுப்பது வேறு கதை. யூரோ நோட்டில் ஐந்து சின்ன வளையங்கள் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்தால் சில மெஷின்கள் நகல் எடுக்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆராய்ச்சியாளர் மார்க்குஸ் கூன் 2002இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். போட்டோஷாப் தேடுவது அந்த வளையங்களை அல்ல என்பதை இரண்டு வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மர்டாக் காட்டினார். பாயிடம் நோட்டுப் படமே வேண்டாம் என்று சொல்லி, டாலர், யூரோ குறிகளைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் எடுப்பாகவும் இருந்தது.

ஆனால் ஒரு படத்தைத் திறக்க விடாமல் செய்வது மட்டும்தான் மென்பொருளால் முடியும். ஒருவர் உட்கார்ந்து 500 ரூபாய் நோட்டின் அதே கல் சாம்பல் நிறத்தில், அதே இடத்தில் செங்கோட்டையை வைத்து, காந்தி இருக்கும் பக்கத்தில் கடை முதலாளியின் படத்தை வைத்து வரைந்தால் அது என்ன செய்யும்?

புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம், பிரஸ்ஸில் புள்ளி பார்க்கும் லென்ஸைக் கொடுத்து முதலில் ஒரு 500 ரூபாய் நோட்டைத்தான் பார்க்கச் சொல்வேன். நாம் அடிக்கும் மல்டிகலர் எல்லாம் நான்கு நிறப் புள்ளிகள். மெல்லிய சாம்பல் கோடு கூட லென்ஸில் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று சிதறிக் கிடக்கும். நோட்டிலோ ஒவ்வொரு கோடும் தனக்கென்று கலந்த மையில் அறுபடாமல் ஓடும். காந்தி படமும் அசோகத் தூணும் விரலில் தட்டும்படி மேடாக இருக்கும். ஓரத்தில் பார்வையற்றவர்களுக்காக ஐந்து கோடுகள். 100 ரூபாயில் அதுவே நான்கு. பாதுகாப்பு நூல், நோட்டைச் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாகும். ஸ்கேனர் ஒரே கோணத்தில் பார்ப்பதால் நூலுக்கு ஒரே நிறம்தான் அதற்குத் தெரியும். பருத்தியில் செய்த தாள் எழுப்பும் சத்தம் எந்த ஃபைலிலும் வராது. இத்தனையும் யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பார்த்தசாரதி கோயில் பக்கம் சாயங்காலம் பூ விற்கும் அக்காவுக்கு நோட்டைச் சாய்த்துப் பார்க்க நேரமில்லை. கூட்டத்தில் மடித்து நீட்டுவதை வாங்கிச் சுருக்குப் பையில் போடுவார். மறுநாள் அது வங்கிக்குப் போய்க் கள்ள நோட்டு என்று தெரிந்தால், முத்திரை குத்திப் பறிமுதல் செய்துகொள்வார்கள். பதிலுக்கு வேறு நோட்டு கிடையாது. இரண்டு பக்கமும் அடித்த ஒரு விளம்பரத் தாள் அந்தப் பைக்குள் போனாலும் நஷ்டம் அதேதான்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 182ஆவது பிரிவு, நோட்டு என்று ஏமாறும் அளவுக்கு ஒத்திருக்கும் எதையும் அச்சடிப்பதைக் குற்றம் என்கிறது. அபராதம் 300 ரூபாய் வரை. அச்சடித்தது யார் என்று போலீஸ் கேட்கும்போது, அதில் பெயர் இருப்பவர் சொல்ல மறுத்தால் 600. இந்தத் தொகைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அதனால் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதை விட்டுவிட்டேன். பூக்கார அக்காவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கூடவே, ஓரத்தில் துளையிட்ட கூப்பன் ஒன்றின் மாதிரியைக் காட்டுவேன். கிழித்துக்கொண்டு வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் ஜனங்கள் பத்திரமாகவே வைத்துக்கொள்கிறார்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போவார்கள். அடுத்த கடைக்காரர்களிடமும் இதைத்தான் சொல்லி வருகிறேன். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் இப்போது அந்த ஆர்டரை எடுப்பதில்லை.