பாகம் போட்டு அளந்த ஆப்பிரிக்கா

"ஆப்பிரிக்காவோட தலைநகரம் எது அத்தை?" என்று அண்ணன் மகன் கேட்டதில் ஆரம்பித்தது. நாலாம் வகுப்பு. அது நாடு இல்லைடா, 54 நாடுகள் இருக்கிற கண்டம் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. சுவரில் தொங்கும் உலகப் படத்தைக் காட்டலாமென்றால் அதில் கிரீன்லாந்தே ஆப்பிரிக்கா அளவுக்கு வீங்கிக் கிடக்கிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. சரி, படமே வேண்டாமென்று தெருப் பிள்ளைகள் ஏழு பேரோடு கடற்கரைக்குப் போனேன். எங்களுடையது பாக் விரிகுடாப் பக்கம், பெண்கடல். தென்மேற்குக் காற்றடிக்கிற கச்சான் காலத்தில் அலையே இருக்காது. நீர் வற்றினால் ஈரமணல் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும்.

முதல் ஞாயிறு படம் தப்பிப் போனது. அளவுக்குப் பாகம் என்று முடிவு செய்தோம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கயிறு அளப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பாகத்துக்கு 2,000 கிலோமீட்டர். வடக்கு தெற்காக ஆப்பிரிக்கா சுமார் 8,000, அதாவது நாலு பாகம். கிழக்கு மேற்காக 7,400. நெடுக்கை நான் அளந்தேன், குறுக்கை அண்ணன் மகன் அளந்தான். எழுந்து பார்த்தால் கண்டம் இடுப்பு ஒடுங்கி நிற்கிறது. ஒன்பது வயதுப் பையனின் பாகமும் என் பாகமும் ஒன்றா? அழித்துவிட்டு, ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டு மறுபடி வரைந்தோம். பக்கத்தில் அதே கயிற்றால் இந்தியா: ஒன்றரைப் பாகத்துக்குச் சற்றுக் கூட. "நாம இவ்வளவுதானா?" என்றாள் ஒரு சின்னவள். உள்ளே ஒன்பது இந்தியா அடங்கும் என்றதும் ஒருத்தன் கோட்டுக்குள் படுத்தே பார்த்துவிட்டான்.

இரண்டாம் ஞாயிறு முழுக்க நைல்தான். வாய்க்கால் வெட்டி, வாளியோடு எல்லாரும் எகிப்துப் பக்கம் போய் நின்றார்கள். படத்தில் மேலே இருப்பது மேடு என்ற நினைப்பு. தெற்கே விக்டோரியா ஏரியிலிருந்து வடக்கே போகிற ஆறு என்றால், "தண்ணி மேல ஏறுமா?" என்று சண்டை. தெற்கிலும், எத்தியோப்பியா இருக்கிற இடத்திலும் மணலைக் குவித்து உயர்த்தியபின் ஊற்றினோம். ஓடியது. ஆனால் சூடானின் கார்ட்டூம் வருமுன்பே மணல் குடித்துவிட்டது. சிமென்ட் சாக்கைக் கிழித்து அடியில் போட்டபின்தான் மத்தியதரைக் கடலைத் தொட்டது. நம் வைகை 258 கிலோமீட்டர், அதுவே பல வருஷம் கண்மாயோடு நின்றுவிடுகிறது. நைல் 6,650 கிலோமீட்டர் ஓடி, கடைசியில் சகாராவையும் கடக்கிறது என்று சொன்னபோது சாக்கைப் பிடித்திருந்தவன் மட்டும் பெரிதாகத் தலையாட்டினான்.

காங்கோ காட்டுக்குக் கடல்பாசி, சகாராவுக்குக் காய்ந்த மணல். கிளிமஞ்சாரோ உச்சிக்குப் பனியாக ஒரு சிட்டிகை கல்லுப்பு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பனியா என்ற கேள்விக்கு, 5,895 மீட்டர் உயரம், கொடைக்கானலே குளிரவில்லையா என்றேன். சவானாப் புல்வெளிக்கு என்ன வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அண்ணன் மகன் உடைமரக் கிளையை ஒடித்துவந்து நட்டுவிட்டான். குடை விரித்தாற்போல் நிற்கும் அந்த மரத்துக்கு அங்கே அச்சாக ஒரு சொந்தக்காரன் உண்டு. எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மூன்றாம் ஞாயிறு நாடுகள். 54 பெயரையும் ஒப்பிக்க வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கையில் சொல்ல ஏதாவது இருக்கிற நாடு மட்டும். கானாவில் ஒரு சோழி வைத்தோம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் சோழிதான் பணம், மாலத்தீவிலிருந்து கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. கானா நாணயத்தின் பெயரான 'செடி'யும் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். அன்று மாலையே ஒருத்தி டப்பா நிறையச் சோழி பொறுக்கிவிட்டாள்.

விக்டோரியா ஏரிக்கரையில் நெத்திலிக் கருவாடு. அங்கே டகா என்ற பொடிமீனை இதே மாதிரி கரையில் பரப்பிக் காயவைக்கிறார்கள்.

"காக்கா வருமா அத்தை?"

"வரும். ஆனா அங்க உள்ள ஒரு காக்காவுக்கு நெஞ்சு வெள்ளை."

அதையும் வரைந்தோம், சுண்ணாம்பு பூசி. மடகாஸ்கரைப் போட மறந்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.