படத்தை எடுத்துக்கொண்டு கதையைத் தூக்கிப் போடுகிறவர்கள்

அந்தப் பெரியவர் பிளேடு போட்டதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் என்று ஒரு சின்ன ஊர், மே, ஜூலை, செப்டம்பரில் அங்கே சாலையோரப் புல்வெளிகளில் கூடாரம் கூடாரமாகப் பழம்பொருள் சந்தை கூடும். அதில் ஒரு கூடாரத்தில் 1950களின் பெண்கள் பத்திரிகை ஒன்றை மடியில் வைத்து, படம் இருந்த ஒரு தாளை மட்டும் அலுங்காமல் அறுத்தெடுத்தார், பின்னால் அட்டை கொடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்தார், 12 டாலர் என்று சீட்டு ஒட்டினார். மிச்சப் பத்திரிகை காலடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போனது. கதையும் அதோடு போயிற்று.

பிளேடு போடுவது நமக்கொன்றும் புதிதில்லை. ஆனால் நம் வீடுகளில் கதையைக் கிழித்து வைத்துக்கொண்டு மற்றதைத்தானே எடைக்குப் போடுவோம்! மாயவரத்தில் அத்தை வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களை அடுக்கி, வருஷக் கடைசியில் பைண்டரிடம் கொடுப்பாள். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை வாடையோடு வந்து சேரும். ஓரத்தை நறுக்கும்போது அவர் சில வரிகளின் கடைசி எழுத்தையும் சேர்த்து நறுக்கிவிடுவார், நாங்களாக நிரப்பிப் படித்துக்கொள்வோம். கோபுலு, மணியம் படங்களும் உள்ளேயே இருக்கும், கதையோடு.

இங்கே சேகரிப்பவர்களுக்குக் கதை வேண்டாம், வரைந்தவர் பெயர் வேண்டும். ஆல் பார்க்கர், கோபி விட்மோர், ஜான் விட்கம்ப் என்று பக்திப் பரவசத்தோடு சொல்வார்கள். தொலைக்காட்சி வந்து விளம்பரத்தையும் வாசகரையும் கொண்டுபோவதற்கு முன்னால் இந்தப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் விற்றன, வரைந்தவர்கள் நட்சத்திரங்களாக இருந்தார்கள். அப்புறம் 1957 தொடக்கத்தோடு காலியர்ஸ் நின்றது, 1969இல் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் வார இதழும் நின்றது. இப்போது அட்டையில் சந்தாதாரரின் முகவரிச் சீட்டு ஒட்டியிருந்தால் விலை குறைவு, கடையில் விற்ற சுத்தமான பிரதி என்றால் தனி மரியாதை. விரல் வரைந்திருக்கும் விதத்தை வைத்தே இது இன்னார் கை என்று சொல்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கதையை எழுதியது யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

நானும் அந்த 12 டாலர் தாளை வாங்கிவிட்டேன், அது வேறு விஷயம். ரயில் நிலையத்தில் கையுறையைக் கழற்றியபடி ஒரு பெண். பின்பக்கத்தில் கதை: அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது, பிரிக்கிறாள், தொடர்ச்சி 97ஆம் பக்கம் என்று போட்டிருக்கிறது. 97ஆம் பக்கம் அட்டைப்பெட்டியில். குனிந்து தேடினேன், அதற்குள் மேலே வேறு பத்திரிகைகள் விழுந்து எது எதுவென்று தெரியவில்லை. பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மற்றபடி எனக்கு இந்த ஊர் நன்றாகவே பழகிவிட்டது. பனி அள்ளுகிறேன், முகம் தெரியாதவர்களிடமும் வானிலை பேசுகிறேன், ஊர் ஞாபகமெல்லாம் அவ்வளவாக வருவதில்லை என்று நண்பர்களிடம் சொல்லியும் வருகிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அடுத்த கூடாரத்தில் 1954 செப்டம்பர் போஸ்ட் இதழின் அட்டையைப் பார்த்தேன், விலை 15 சென்ட் என்று அச்சடித்தது. நார்மன் ராக்வெல் வரைந்தது. பழைய லாரியின் படியில் அப்பாவும் பிள்ளையும். பிள்ளை கல்லூரிக்குப் போகிறான், புது சூட்டு, மடியில் சாப்பாட்டுப் பொட்டலம், முழங்காலில் தலைசாய்த்து நாய். அப்பா தன் தொப்பியையும் அவன் தொப்பியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். மீனம்பாக்கத்தில் என் அப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று என் பாஸ்போர்ட் நகலைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அதைக் கடைசிவரை கொடுக்கவே இல்லை. சரி, விடுங்கள்.

அந்த ஓவியத்தின் மூலத்துக்கே ஒரு தொடர்கதை உண்டு. டான் டிராக்டி என்ற கார்ட்டூன்காரர் அதை 900 டாலருக்கு வாங்கியிருந்தார். மணமுறிவுச் சமயத்தில் அச்சு அசலாக ஒரு நகல் வரைந்து மாட்டிவிட்டு, அசலைத் தன் வீட்டில் ஒரு போலிச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிட்டார், யாரிடமும் மூச்சுவிடவில்லை. நகல் ஸ்டாக்பிரிட்ஜில் ராக்வெல் அருங்காட்சியகத்திலேயே அசல் என்று தொங்கியது! அவர் இறந்தபின் 2006இல் மகன்கள் சுவரைப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஏலத்தில் 1.54 கோடி டாலருக்குப் போனது. ராக்வெல்லின் இன்னொரு அட்டைப்படம் 2013இல் 4.6 கோடி டாலர். இந்த மனிதர்களிடம் போய்க் கதையை ஏன் எறிகிறீர்கள் என்று எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவள் காதில் ஒன்றுதான் விழுந்தது. "ஏண்டா, பழைய பேப்பருக்கு நீ காசு கொடுத்தியா? இங்கே அவன்னா நமக்குத் தருவான்!"

அப்புறம் அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன். "என்ன இருக்கும், வரமாட்டேன்னு எழுதியிருப்பான்" என்றாள் கொஞ்சமும் யோசிக்காமல். அதே மூச்சில், அத்தையின் பைண்டுகள் பரணில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன, பேப்பர்காரனுக்குப் போட்டுவிடவா என்றாள். வேண்டாம், அடுத்த தடவை வரும்போது எடுத்துப் போகிறேன் என்றேன்.

"போன தடவையும் இதையேதான் சொன்னே."