மூன்றாவது கேபிள்

பண்ணாரி சோதனைச்சாவடியைத் தாண்டியதும் திம்பம் மலை ஏற்றம். 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் இறங்கி நின்று படம் எடுப்பார்கள். லோடு ஓட்டுகிறவருக்கு அது இடது காலின் கணக்கு: வளைவுக்கு இரண்டு மிதி, முன்னால் போகிற பஸ் திணறினால் நாலு. சத்தியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த மலையிலிருந்து வருகிற போன்களில் பாதி ரேடியேட்டர், மீதி கிளட்ச்.

அந்த ஆறு சக்கர வண்டியின் டிரைவர் முதல்முறை கூப்பிட்டபோது ஒன்பதாவது வளைவில் நின்றிருந்தார். "கேபிள் அறுந்துபோச்சுங்ணா. பெடல் தரையோட ஒட்டிக்கிச்சுங்." வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நானும் பட்டறைப் பையனும் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பக்கமும் வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. மைசூர் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி எங்களுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள்.

கிளட்ச் கேபிள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளில் இருப்பதுதான், தடிமன் அதிகம். உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி, அதற்கு மேல் வழவழப்பான பிளாஸ்டிக் குழல், அதற்கும் மேல் சுருள் கம்பி உறை. ஒரு முனை பெடலில், மறுமுனை கியர்பாக்ஸ் பக்கத்து ஃபோர்க்கில். மிதித்தால் ஃபோர்க் நகர்ந்து ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், அது பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும், பிளேட் விடுபடும். விலை குறைவு, எடை குறைவு, ஆயில் இல்லை, வாஷர் இல்லை. ரோட்டோரத்திலேயே மாற்றலாம். ஆயிலில் ஓடுகிற கிளட்ச் ஒழுக ஆரம்பித்தால் அந்த வசதி கிடையாது. ஆகவே கேபிள் வைத்ததற்காக நான் யாரையும் திட்டுவதில்லை.

அதைக் கொண்டுபோன பாதைக்காகத்தான் திட்டுவேன். அந்த மாடலில் பெடல் வலப்பக்கம், ஃபோர்க் இடப்பக்கம். கேபிள் கேபினின் மடக்குக்கு அருகே ஒரு வளைவு எடுத்து, கியர்பாக்ஸ் தலைக்கு மேல் குறுக்கே போய், சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இறங்கும். கேபினைத் தூக்கும்போதெல்லாம் வளைகிற இடத்தில் கம்பி தேயும், கீழே வெந்துபோகும். டைட் வைக்கிற லாக் நட் இருக்கிறதே, அது கை போகிற, ஸ்பேனர் திரும்பாத இடத்தில். வரைந்தவர் படத்தில் நட்டைப் போட்டிருக்கிறார், கையைப் போட மறந்துவிட்டார். ஸ்பேனர் திரும்ப வேண்டுமென்றால் கேபினைத் தூக்க வேண்டும். கேபினுக்குள் டிரைவரின் அடுப்பு, அரிசி, தண்ணீர்க் கேன், சாமி படம், நாலு நாள் துணி. ஏற்றத்தில் லோடோடு நிற்கிற வண்டியில் அதைத் தூக்குகிற தைரியம் எனக்கு இல்லை. மல்லாக்கப் படுத்து, சூடு ஆறாத சைலன்சருக்குக் கீழே தொட்டுப் பார்த்தே வேலையை முடித்தேன். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒரு தடவை கம்பெனி ஆள் ஒருவர் ஊர்ப்பக்கம் வந்தபோது இதைச் சொன்னேன். குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், "குறித்துக்கொண்டேன்" என்றார். சட்டையில் அழுக்குப் படவில்லை.

ஆறு வாரத்தில் இரண்டாவது கேபிளும் போனது. இந்த முறை ஓனர் பட்டறைக்கே வந்து எல்லார் முன்னாலும் டிரைவரைத் திட்டினார். நானும் ஒத்து ஊதினேன். "பெடல் மேலயே காலை வச்சு ஓட்டுவாருங்க, மலையில பாதிக் கிளட்ச்லயே நிக்கறது" என்று. மெக்கானிக் சொன்னால் ஓனர் நம்புவார். கேபிள் விலையை அந்த மாதப் படியில் பிடித்தார்.

டிரைவர் எதிர்த்துப் பேசவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "கால் வைக்கலீங்ணா. காலையில பண்ணாரியில செல்ஃப் அடிச்சு எடுக்கறப்பவே பெடல் கல்லாட்டம் இருக்குதுங். ஓட ஓடத்தான் கொஞ்சம் இளகுது." மலையில் இரவுப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்ட பிறகு லோடு வண்டிகள் ராத்திரி முழுக்க அடிவாரத்தில் கிடந்து, விடிந்ததும் கேட் திறக்கிறபோது மொத்தமாகக் கிளம்பும். இரண்டு வண்டி நீளம் நகர்வார்கள், அணைப்பார்கள், மறுபடி செல்ஃப் அடிப்பார்கள். அவர் சொன்னதில் விடை முழுதாக இருந்தது. நான் குளிருக்கு கிரீஸ் கெட்டியாகும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது முறை அறுந்துபோகும்வரை அவர் காத்திருக்கவில்லை. பெடல் இறுகத் தொடங்கியதும் லோடு இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். கேபிளைக் கழற்றினேன். வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. பையன் சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் சுற்றவில்லை. பேட்டரி டல் என்று நினைத்து விட்டுவிட்டோம். புதுக் கேபிளை மாட்டி முடித்து மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி எடுத்துக்கொண்டது.

டீ கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன். கிளட்ச் கேபிளுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

கழற்றிப் போட்ட கேபிளை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள் பிளாஸ்டிக் சைலன்சர் பக்கம் மட்டும் உருகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெடல் முனைவரை உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. பெடலுக்குப் பக்கத்தில் எந்தச் சூடும் கிடையாது. சூடு கம்பிக்குள்ளிருந்தே வந்திருக்கிறது.

இன்ஜின் சேசிஸில் நேராக உட்காராது, ரப்பர் மவுண்டிங்கில் உட்காரும். ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டார் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்பிப் போக இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று இருக்கும், எர்த் பட்டை. அது சரியாகப் பிடிக்காவிட்டால் கரண்ட் வேறு இரும்பைத் தேடும். இந்த வண்டியில் அதற்குக் கிடைத்த இரும்பு கிளட்ச் கேபிள். ஒவ்வொரு செல்ஃபுக்கும் கேபிள் அடுப்புக் கம்பியாகியிருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைச் சேசிஸிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டிய முள் மூன்றைத் தாண்டியது.

எர்த் பட்டை முன்சக்கரத்துக்குப் பின்னால், சேறு அடிக்கிற இடத்தில், ஒரே ஒரு போல்ட்டில். இதையும் வரைந்தவர் கணக்கில் எழுதலாம் என்று சந்தோஷமாகத்தான் குனிந்தேன். போல்ட்டைக் கழற்றினால் பட்டைக்குக் கீழே துரு இல்லை. பளபளவென்று பெயிண்ட். எஃப்.சி.க்காக, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்காக, அடித்த கருப்புப் பெயிண்ட்.

எஃப்.சி. வேலை என் பட்டறையில்தான் நடந்தது. முதல் கேபிள் அறுந்ததற்கு முந்தின மாதம். கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கினோம், பட்டையைக் கழற்றினோம், சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்தோம், காய்ந்ததும் பெயிண்ட் மேலேயே பட்டையை முறுக்கினோம். முறுக்கியது பையன். நிறுத்திப் பார்த்துச் சரி என்றவன் நான்.

உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, பட்டையை மாட்டி, கிரீஸ் பூசி, பின்னால் சுத்தமான இடம் பார்த்து இரண்டாவதாக ஒரு பட்டையும் போட்டேன். செல்ஃப் சத்தமே மாறிப்போனது. அதே கேபிள் வருஷம் தாண்டி ஓடுகிறது. சைலன்சருக்கு ஒரு சாண் தூரத்தில், அதே மோசமான பாதையில்தான்.

டிரைவர் அடுத்த டிரிப் வந்தபோது விஷயத்தைச் சொல்லி, அவரிடம் பிடித்த காசை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "காசு கெடக்குதுங்ணா. ஓனருக்கு ஒரு போன் போட்டு, காலு இல்லைன்னு மட்டும் சொல்லிப்போடுங்."

அவர் முன்னாலேயே போட்டேன். எர்த் பட்டை, பெயிண்ட், தப்பு என்னுடையது என்று வரிசையாகச் சொன்னேன். ஓனர் பாதியிலேயே, "சரி விடுங்க, இனிமே நல்ல கம்பெனிக் கேபிளாப் போடுங்க" என்று வைத்துவிட்டார்.