வீங்கிய காலும் புழு உள்ள ரத்தமும்

யானைக்கால் நோய் ஆராய்ச்சி என்றதும், வீங்கிய கால்களோடு வருபவர்களின் ரத்தத்தைத்தான் சோதிப்போம் என்று பலரும் நினைக்கிறார்கள். கால் வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் புழு இருக்காது. புழு உள்ளவரோ எந்தக் குறையுமில்லாமல் சைக்கிளில் நம்மைக் கடந்து போவார்.

யானைக்கால் நோயைத் தரும் வூச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் குடியிருந்து லட்சக்கணக்கில் குஞ்சுகளைப் போடும். அந்த மைக்ரோஃபைலேரியாக்கள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரம் பார்த்து இரவில் தோலோர ரத்தத்துக்கு வரும். ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி விரல் நுனியில் குத்த வேண்டும். நலமாகத் தூங்கிக்கொண்டிருப்பவர் எதற்காக விரலை நீட்டுவார்? திட்டு வாங்காத இரவு குறைவு; அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு.

மூலக்கூறு உயிரியல் கைகொடுத்தது இங்கேதான். மனிதரை விட்டுவிட்டு, அவரைக் கடித்த கொசுவைச் சோதிக்கலாம். கொசுவின் உடலுக்குள் இந்தப் புழு வளர்வதை பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1877-இல் சீனாவின் அமோயில் கண்டறிந்தார். அவர் கொசுவை அறுத்துப் பார்த்தார், நாங்கள் அரைத்துப் பார்க்கிறோம். வைக்கோல் ஊறிப் புளித்த தண்ணீரைத் தட்டில் ஊற்றி, மேலே சிறு மின்விசிறி பொருத்திய பொறியைக் கொல்லைப்புறத்தில் வைப்போம். ரத்தம் குடித்து முட்டையிட வரும் பெண் கொசு வலைக்குள் இழுபடும். அந்த நாற்றம் சட்டையில் ஏறிவிட்டால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு ஆள் வராது. பிடிபட்டவற்றை இருபது, இருபத்தைந்தாகச் சேர்த்து அரைத்து, புழுவின் மரபணுத் தொகுதியில் பலநூறு முறை திரும்ப வரும் ஒரு டி.என்.ஏ. துண்டை, அதைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். கருவி மூலம் தேடுவோம்.

ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் மட்டும் வைப்போம். அதிலும் புழு இருப்பதாக முடிவு வந்தால், அன்றைய வேலை முழுவதும் குப்பைக்குத்தான். எல்லாம் சரியாக வந்தாலும் கருவியின் 'ஆம்' சின்ன 'ஆம்'தான். கொசு குடித்த ரத்தத்தில் இருந்து அதன் வயிற்றிலேயே செத்த புழுவையும் அது எண்ணிவிடும். அந்தக் கொசு நோயைப் பரப்பும் என்று சொல்ல முடியாது. அந்தத் தெருவில் யாரோ ஒருவர் ரத்தத்தில் இன்னும் புழு இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

அந்த யாரோ ஒருவர்தான், புழுவைக் கொல்ல ஆண்டுதோறும் வீடு வீடாகக் கொடுக்கும் மாத்திரையை விழுங்க வேண்டியவர். டி.ஈ.சி. மாத்திரையால் புழு சாகும்போது சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். புழு இல்லாதவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. எனவே மருந்து அதிகம் தேவைப்பட்டவரே அடுத்த ஆண்டு, "போன தடவை பட்டது போதும் சார்" என்று கதவைச் சாத்துகிறார். இதற்கு எந்தக் கருவியிலும் தீர்வு இல்லை. மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரப் பணியாளர் காய்ச்சலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிக் கதவுகள் திறக்கும் என்பது என் எண்ணம்.

"உங்கள் மெஷின் என் காலுக்கு என்ன செய்யும் தம்பி?" என்று பொறி வைக்கப்போன வீட்டில் ஓர் அம்மா கேட்டார். ஒன்றும் செய்யாது என்றேன். புழு செத்தாலும் கெட்டுப்போன நிணநீர்க் குழாய் பழையபடி ஆவதில்லை. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றியெடுத்து, சிறு புண்ணையும் உடனே கவனித்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும். விரலிடுக்கைத் துடைக்கக் குனிய முடியவில்லை என்றார். அன்றிலிருந்து அதை அவருடைய மருமகள் செய்கிறார்.