நடிப்புப் பள்ளி நாட்குறிப்பு, யாழ்ப்பாணம் 2025

பெப்ரவரி 2, ஞாயிறு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பழைய வீட்டின் விறாந்தையும் பெரிய அறையும் வாடகைக்குக் கிடைத்துவிட்டன. சீமெந்துத் தரை, நல்ல காற்று. மேடை, லைற் எல்லாம் எங்கே என்று வீட்டுக்கார ஐயா கேட்டார். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓட இடம் இருந்தால் இப்போதைக்குப் போதும் என்றேன்.

நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் மாஸ்ரர் போன மாதம்தான் காலமானார். 1978இல் அவர் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அ. தாசீசியஸ் போன்றவர்கள் அங்கே நடிகர்களைப் பழக்கினார்கள். வசனத்தைப் பாடமாக்கி ஒப்பிப்பது நடிப்பில்லை, உடலும் குரலும் முதலில் பழக வேண்டும் என்பதைக் களப்பயிற்சிகளில் செய்து காட்டியவர்கள் அவர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983க்குப் பிறகு போர். அப்படியும் 1985இல் மாஸ்ரரின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர் ஊராகப் போனது. சண்டை முடியட்டும், பிறகு நாடகம் பார்ப்போம் என்று அவர்கள் இருந்திருந்தால் எனக்குக் கற்றுத்தர ஆளே இருந்திருக்காது.

பெப்ரவரி 16, ஞாயிறு

முதல் வகுப்பு. ஓட்டம், மூச்சு, விளையாட்டு. வேறொன்றும் இல்லை.

முடிந்ததும் ஒரு பெடியன், “சேர், நீங்கள் எப்படிப் பழகினீங்கள்?” என்றான். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் இங்கே கரண்ட் இல்லை. பெற்றோல், பற்றரி எல்லாம் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் திரியையும் வைத்து, துளி எண்ணெயில் விளக்கு எரிப்போம். அந்த வெளிச்சத்தில் முகபாவம் தெரியாது. அதனால் குரலாலும் தோளாலும் சொல்லப் பழகினோம். பொம்பர் வந்தால் பங்கருக்குள். போனதும் விட்ட இடத்திலிருந்து ஒத்திகை.

கஷ்டம்தான் எங்களை நல்ல நடிகர்களாக்கியது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆக்கியவர்கள் ஆசிரியர்கள். கஷ்டம் எங்களைக் கலைக்கத்தான் செய்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்க, யாழ்ப்பாண நகரம் உட்பட்ட வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது, குழுவும் அத்தோடு சிதறியது.

மார்ச் 9, ஞாயிறு

விழும் பயிற்சி. உடலைத் தளர்த்தி, முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் தரையில் இறங்க வேண்டும். அடிபடாமல் விழ இதுதான் வழி.

கையைத் தட்டினேன். வன்னியிலிருந்து வந்து இங்கே படிக்கும் ஒரு பிள்ளை சட்டென்று குப்புற விழுந்தாள். முழங்கையை ஊன்றி, நெஞ்சு தரையில் முட்டாமல், இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தாள். ஷெல்லடிக்குப் படுக்கும் முறை அது, அச்சொட்டாக. 2009இல் வன்னியில் கடைசிப் போர் நடந்தபோது அவள் சின்னக் குழந்தை. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். “தெரியேல்ல சேர், அப்படித்தான் வருது.”

அவளை எழுப்பி எல்லோரோடும் சேர்த்து மெல்ல, மிக மெல்ல விழ வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் தரைக்கு வரக்கூடாது என்பது விதி. கடைசி முறை சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் சரிந்தாள்.

மே 18, ஞாயிறு

வகுப்பு வைக்கவில்லை. எல்லோருமாகப் போய் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்தோம்; 2009 கடைசிப் போரில் அங்கே சனம் குடித்து உயிர் பிழைத்த கஞ்சியின் நினைவாகக் கொடுப்பது.

காணாமல் போன அண்ணாவைப் பற்றித் தனி நடிப்புச் செய்யவா என்று ஒரு மாணவன் கேட்டிருந்தான். செய், ஆனால் அழுவதற்காக அண்ணாவை நினைக்காதே என்றேன். ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒரு காலம் உணர்ச்சி நினைவை, அதாவது சொந்த அனுபவத்தின் உணர்ச்சியை மீட்டு நடிப்பதை, வலியுறுத்தினார். பிற்காலத்தில் உடற்செயல்களுக்கே முதலிடம் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பிந்திய வழிதான் சரி. ஆறாத புண்ணை வாராவாரம் கிளறச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. அண்ணாவின் சைக்கிளைத் துடைப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது, காற்று இருக்கிறதா என்று அமத்திப் பார்ப்பது: இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் பார்ப்பவர்களுக்கு விளங்கும்.

ஜூன் 15, ஞாயிறு

நன்றாக நடிக்கும் பெடியன் பிரான்சுக்குப் போகிறானாம். தடுக்க முடியாது. “இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?” என்று இன்னொருவனின் அம்மா கேட்டார். ஏஎல் உயர்தரப் பரீட்சையில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம், பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, ஆசிரியராகலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மாதக் கட்டணத்தைத் தந்தார். இந்த மாத வாடகைக்கு அதுவும் சேர்ந்தால்தான் சரிவரும்.

அடுத்தது சிறுவர் நாடகம், பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போவதற்கு. பிரான்சுக்குப் போகிறவனின் பாத்திரத்தை வன்னிப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். குரங்கு வேடம். மரத்திலிருந்து விழ வேண்டும்.