ஒரு விரல் வலி

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ராணுவத்தில் அக்னிவீர் பயிற்சியில் இருக்கும் மகளிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அவள் அம்மா கேட்டு முடித்து என் கையில் கொடுப்பதற்குள் நேரம் முக்கால்வாசி போய்விட்டது. கடைசியில்தான் சொன்னாள்: "அப்பா, இடது கால் முன்னெலும்பு வலிக்குதுப்பா. ஓடும்போது மட்டும்தான்."

"ஒரு விரல் வச்சு அழுத்தினா அந்த இடத்துல மட்டும் சுருக்குன்னு வலிக்குதா, இல்ல எலும்பு நெடுக வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் போனைத் திருப்பி ஒப்படைக்கும் நேரம் ஆகிவிட்டது. இனி அடுத்த ஞாயிறுதான்.

ஆகஸ்ட் 4

நெடுக வலித்தால் பயமில்லை. எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் புண்பட்டிருக்கும். ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகும். ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். பட்டாளத்தில் உஸ்தாதாக, அதாவது ரெக்ரூட்களுக்குப் பயிற்சி கொடுப்பவனாக இருந்த காலத்தில் எத்தனையோ பையன்களின் கால்களைப் பார்த்தவன் நான். திடீரென்று சுமை கூடும்போது எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். ஆனால் முதலில் பழையதை அரித்து எடுக்கும், புதியது அப்புறம்தான் சேரும். அந்த இடைவெளியில் ஓட்டமும் டிரில்லும் நிற்காமல் போனால் விரிசல் விழும். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு வேண்டியது நாட்கள் மட்டும்தான்.

ஆகஸ்ட் 5

நெடுகத்தான் வலிக்கும். நெடுகத்தான்.

ஆகஸ்ட் 7

தூக்கம் வரவில்லை. அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 1963-ல் சேர்ந்தவர். அடியில் ஆணி அடித்த அம்யூனிஷன் பூட்ஸ், கணுக்காலில் சுற்றும் பட்டி, கையில் .303 ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். நான் 1991-ல் போனபோது எஸ்.எல்.ஆர். ரைபிள்; முதல் நாள் சுட்டதில் தோள் கன்றிப்போனது. அப்புறம் இன்சாஸ் வந்தது, அதை நானே சொல்லிக்கொடுத்தேன். ரைபிள் மாறியது பெரிதில்லை. எந்த ரைபிளும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

தண்ணீர் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்பா காலத்தில் ரூட் மார்ச்சில் தண்ணீர் கேட்கக் கூடாது. தாகத்தை அடக்கிப் பழகினால் உடம்பு குறைந்த தண்ணீரில் ஓடக் கற்றுக்கொள்ளும் என்று நம்பினார்கள். உலகத்துப் பட்டாளங்கள் பலவற்றில் இந்த நம்பிக்கை இருந்தது. எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்கர் 1940-களிலேயே பாலைவனத்தில் சிப்பாய்களை வைத்து ஆராய்ந்து, அப்படி உடம்பைப் பழக்கவே முடியாது என்று காட்டிவிட்டார். இருந்தும் பட்டாளங்கள் அந்தப் பழக்கத்தை விடப் பல வருஷம் பிடித்தது. நான் உஸ்தாத் ஆனபோது ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவன் பாட்டிலையும் தட்டிப் பார்ப்பேன். காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். அப்பாவிடம் சொன்னபோது, "செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க" என்றார். வெயிலில் சுருண்டு விழுந்து எழுந்திருக்காமலே போன தன் பேட்ச் பையனைப் பற்றி அவரேதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் அவர் மனதில் எப்படிச் சேர்த்து வைத்திருந்தார் என்று கேட்க இன்று அவர் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"ஒரு விரல்தான்ப்பா."

ஆகஸ்ட் 11

உஸ்தாதிடம் போய்ச் சொல் என்றேன். "சொன்னா வெளியே அனுப்பிடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். அனுப்ப மாட்டார்கள், எம்.ஐ. ரூம் என்ற மருத்துவ அறைக்குத்தான் அனுப்புவார்கள் என்றேன். போவதாகச் சொன்னாள். குரலில் அவளுக்கே நம்பிக்கையில்லை.

என் காலத்தில் எம்.ஐ. ரூமுக்குப் போகிறவனை பாரக்கே ஒரு மாதிரி பார்க்கும். வேலையிலிருந்து தப்பிக்கப் பாசாங்கு செய்கிறான் என்பார்கள். அதனால் பையன்கள் வலியை மறைத்து ஓடுவார்கள், விரிசல் முறிவாகும் வரைக்கும்.

பிரிட்டனில் நடந்ததைப் படித்தேன். ஆண்களோடு ஒரே அணியில் நடந்த பெண் ரெக்ரூட்களுக்கு இடுப்பெலும்பில் விரிசல் விழுந்திருக்கிறது. 30 அங்குல எட்டுக்கு, அதாவது காலடிக்கு, காலை நீட்டி நீட்டி நடந்தது ஒரு காரணம். எட்டைக் குறைத்ததும் விரிசலும் குறைந்தது. நம் டிரில்லிலும் அதே 30 அங்குலம்தான். எத்தனை வருஷம் எட்டளக்கும் கோலான பேஸ் ஸ்டிக்கை வைத்து அளந்திருக்கிறேன்! என் பெண் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அவளுடைய இயல்பான எட்டு 30 வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் 12

1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிஷத்துக்குள் ஓடி எடுபட்டவள். இந்தக் காலில்தான் ஓடினாள்.

ஆகஸ்ட் 13

வாரக்கணக்கு மனதைவிட்டுப் போகவில்லை.

ராணுவ போலீஸில் சிப்பாய்களாகச் சேர்ந்த முதல் பெண்கள், மொத்தம் 83 பேர், 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கு 61 வாரம். இப்போது அக்னிவீரர்களுக்குச் சுமார் 31 வாரம். அடிப்படைப் பயிற்சிக்கு அதில் ஏறக்குறைய 10. ஓடுகிற தூரம் குறையவில்லை, கயிறு ஏறுவது குறையவில்லை, துப்பாக்கி வகுப்பும் குறையவில்லை. நடுவில் இருந்த ஓய்வுதான் குறைந்திருக்கிறது. விரிசல் ஆற ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். 31-ல் எட்டை எங்கே போய்த் தேடுவது? ரெலிகேட் ஆகி அடுத்த பேட்சோடு சேர வேண்டும். அவளோடு படுத்தெழுந்த பெண்கள் எல்லாம் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் முடித்துப் போய்விடுவார்கள்.

சுருக்கிய பயிற்சி இதற்கு முன் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1939-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்தியப் படை 1945-ல் 25 லட்சத்தைத் தாண்டியது. நிதானமாகப் பயிற்சி கொடுத்தா அத்தனை பேரைச் சேர்த்திருப்பார்கள்? 1962-க்குப் பிறகு அதிகாரிகளையே ஆறு மாதத்தில் தயார் செய்தார்கள். தங்களையும் அவசரமாக யூனிட்டுக்கு அனுப்பிவிட்டதாக அப்பா சொல்வார். 1965-ல் அவர் சண்டைக்கும் போய்வந்தார். ஆனால் யூனிட்டில் அவருக்குப் பக்கத்து டிரெஞ்சில் இருந்தவர் பத்து வருஷ அனுபவமுள்ள நாயக். பயிற்சி சென்டரில் விட்டுப்போனதை அவர்தான் கற்றுக்கொடுத்தார். எனக்கும் அப்படித்தான், யூனிட்டுக்குப் போன பிறகுதான் நான் முழுச் சிப்பாய் ஆனேன். நாலு வருஷத்தில் நூற்றுக்கு 25 பேரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் முறையில், பத்து வருஷம் கழித்து அந்தப் பக்கத்து டிரெஞ்சில் யார் இருப்பார்? என் கவலை எல்லாம் இதுதான். பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை.

ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குப் போனேன். எல்லோரும் அவளைப் பற்றித்தான் கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எக்ஸ்ரே எடுத்தார்களாம். ஒன்றுமில்லையாம். அவள் அம்மா சாமி விளக்கேற்றினாள்.

எனக்கு நிம்மதி வரவில்லை. முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சாதாரணம். ஆறத் தொடங்கிய பிறகுதான் படத்தில் கோடு விழும், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இதை வீட்டில் சொல்லவில்லை.

ஒரு நல்ல செய்தி: அவளுடைய உஸ்தாத் ஒரு பெண். "வலியை மறைத்தால் உன் பக்கத்தில் நிற்பவளுக்கு ஆபத்து" என்று பிளாட்டூன் முன்னால் நிறுத்திச் சொன்னாராம். அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 18

எக்ஸ் சர்வீஸ்மேன் குரூப்பில் பெரிய சண்டை. "ரகடா (கசக்கிப் பிழிவது) இல்லாத பயிற்சி என்ன பயிற்சி, இது பள்ளிக்கூடம்" என்று ஒருவர் எழுத, ஆளாளுக்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான் ரிப்பன் கிரீக் பற்றி எழுதினேன். 1956 ஏப்ரலில் அமெரிக்க மரீன் படையின் பயிற்சி முகாமான பாரிஸ் ஐலண்டில், ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று ஒரு டிரில் இன்ஸ்ட்ரக்டர் தன் பிளாட்டூனை இரவில் ஓடைக்குள் இறக்கினார். ஆறு ரெக்ரூட்கள் மூழ்கிச் செத்தார்கள். மரீன்கள் பயிற்சி முறையையே திருத்த வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் அந்தப் படை மென்மையாகிவிடவில்லை. அமெரிக்கத் தரைப்படையும் புதிதாக வருகிறவர்களை முதல் நாளே சூழ்ந்து நின்று கத்தும் வழக்கத்தை 2020-ல் கைவிட்டது.

பயம் காட்டினால் பையன் வேகமாக ஓடுவான், நிஜம்தான். ஆனால் பயந்தவன் துப்பாக்கி ஜாம் ஆனதைச் சொல்ல மாட்டான், வழி தவறியதைச் சொல்ல மாட்டான், கால் வலியையும் சொல்ல மாட்டான். எனக்கு வாய்த்த சுபேதார் சாப் யார்மேலும் கை வைத்ததில்லை. தப்பாகச் செய்தால் அவரே தரையில் படுத்து ஊர்ந்து காட்டுவார், அப்புறம் நம்மை ஊரச் சொல்வார். அவர் சொல்லிக்கொடுத்த எதையும் நான் மறக்கவில்லை.

யாரும் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் தனியாக அழைத்து, "பாப்பாவுக்குக் கால் எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டார். பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 20

மழை.

ஆகஸ்ட் 21

வியாழக்கிழமையன்று போன். பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. அவள்தான். அனுமதி கேட்டு வாங்கிப் பேசினாள். எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பப் போகிறார்களாம். அதுவரை டிரில் இல்லை, ஓட்டம் இல்லை, வகுப்பு மட்டும். மேப் ரீடிங்கில் அவளுக்குத்தான் முதல் மார்க். அதைச் சொல்லும்போது பழைய குரல். என் பேட்சில் காம்பஸைத் திருப்பிப் பிடித்தவர்கள்தான் அதிகம். இந்தப் பிள்ளைகள் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகே ஓட வருகிறார்கள். எங்களை முதலில் ஓட வைத்தார்கள், அப்புறம்தான் பேனாவைக் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை காரணம் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். அதற்காகவாவது இன்னும் சில வாரங்கள் கொடுக்கலாம்.

"ரெலிகேட் ஆனா நீங்க வருத்தப்படுவீங்களாப்பா?"

இல்லைம்மா என்றேன். இன்னும் நிறையச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22

எட்டு வாரம் என்றால் அக்டோபர் நடு. அதற்கப்புறம் மெல்ல நடை, அப்புறம் ஓட்டம். புல்தரையில் ஓடச் சொல்ல வேண்டும். புது ஷூ வாங்கி அனுப்ப அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். நாங்கள் பிரவுன் கேன்வாஸ் ஷூவில்தான் ஓடினோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட் திங்களோ செவ்வாயோ வரும் என்றாள். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நாளாக இல்லையாம். நடக்கும்போது? கொஞ்சம். விரல் வைத்தால்? அழுத்திப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றாள். அழுத்தாதே, டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றேன். அவள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.