செருப்பைக் கழற்ற முடியாத கால்

சாலை விபத்தில் அடிபட்டோம், உயிருக்கு ஆபத்தில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் வாழ்க்கை மட்டும் பழையபடி இல்லை. அதற்கு இழப்பீடு உண்டா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. உண்டு. ஆனால் சட்டத்தைத் திருத்திய 2008 ஆகஸ்ட் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு அதைப் பெறுவது சுலபமில்லை. நான் அந்த வழியில் முழுக்கப் போய் வந்தவள். எங்கே கவனம் வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து மினிபஸ் டாக்ஸியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்த ஒரு பிக்கப் வண்டி நான் உட்கார்ந்திருந்த பக்கத்தில் இடித்தது. என் வலது கணுக்கால் நொறுங்கியது. தகடும் திருகாணிகளும் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. மூட்டு மட்டும் இறுகிப்போனது. மேடுபள்ளத்தில் கால் வைத்தால் பாதம் திரும்பாது, அதிர்ச்சி நேரே முழங்காலுக்கு ஏறும். உள்ளே விசேஷ அட்டை வைத்த கெட்டியான ஷூ போட்டால்தான் நடக்க முடியும். வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் பத்தடி வைப்பதே கஷ்டம்.

நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். உட்கார்ந்து செய்யும் வேலை. குணமானதும் அதே நாற்காலிக்குத் திரும்பினேன், சம்பளமும் குறையவில்லை. அதனால்தான் சுற்றியிருந்தவர்கள், "உனக்கு என்ன நஷ்டம்? எதற்குக் கேஸ்?" என்றார்கள். இலவசப் பணத்துக்கு அலைகிறாள் என்றும் பேச்சு வந்தது. அது இலவசப் பணம் இல்லை. இந்த நாட்டில் பெட்ரோல், டீசல் போடும் ஒவ்வொருவரும் லிட்டருக்கு இவ்வளவு என்று சாலை விபத்து நிதியத்துக்கு (ஆர்.ஏ.எஃப்) கட்டுகிறோம். 2021-இல் அந்தத் தீர்வை லிட்டருக்கு 2.18 ராண்டு ஆனது. டாக்ஸிக் கட்டணத்துக்குள்ளும் அது இருக்கிறது. தவிர, இடித்தவர் மேலேயே வழக்குப் போடும் பழைய உரிமையைச் சட்டம் எடுத்துவிட்டுத்தான் இந்த நிதியத்தைக் கை காட்டுகிறது. ஆர்.ஏ.எஃப் கொடுக்காவிட்டால் வேறு கதவு கிடையாது. இது நியாயமா என்று வழக்கறிஞர் சங்கம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2010 நவம்பரில் அந்த நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் இன்றும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அதுதான் சட்டம், அதற்குள்தான் வழி தேட வேண்டும்.

கேட்கக்கூடிய தொகை பல வகை. ஆன மருத்துவச் செலவு, இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு, போன வருமானம். இவற்றுக்குக் கணக்கும் ரசீதும் உண்டு. நான்காவதுதான் ஜெனரல் டேமேஜஸ். பட்ட வலி, உருக்குலைவு, மன அதிர்ச்சி, முன்பு அனுபவித்த வாழ்க்கையை இனி அனுபவிக்க முடியாமல் போனது, எல்லாம் இதில் அடங்கும். இதற்கு ரசீது கிடையாது. 2008 திருத்தத்துக்குப் பிறகு, காயம் 'சீரியஸ்' என்று ஏற்கப்பட்டால்தான் இந்த நான்காவது கிடைக்கும். ஏற்கப்படாவிட்டால் வலிக்கு ஒரு சென்ட் கூட இல்லை.

சீரியஸ் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவர் ஒருவர் பரிசோதித்து ஆர்.ஏ.எஃப் 4 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கையேடு, ஆறாம் பதிப்பை வைத்து, முழு உடலுக்கு எத்தனை சதவிகிதக் குறைபாடு என்று கணக்குப் போடுகிறார்கள். 30 சதவிகிதமோ அதற்கு மேலோ வந்தால் சீரியஸ். எனக்கு வந்தது 14.

முதலில் பார்த்த மருத்துவர் அந்த 14-ஐ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் வக்கீல் அதைப் படித்துவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டார். "இதில் உங்கள் கணுக்கால் இருக்கிறது, நீங்கள் இல்லை" என்றார். அப்புறம்தான் இரண்டாவது வழியை விளக்கினார். 30 வராவிட்டாலும் விவரிப்புச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. நெடுங்காலத்துக்கு நீடிக்கும் கடுமையான குறைபாடு அல்லது ஓர் உறுப்பின் செயல் இழப்பு, நிரந்தரமான கடுமையான உருக்குலைவு, நெடுங்காலக் கடுமையான மன அல்லது நடத்தைப் பாதிப்பு, கருவை இழத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் காயம் சீரியஸ்தான். அதோடு, மதிப்பீட்டு முறை காயத்தை அந்த மனிதரின் சூழ்நிலையோடு சேர்த்துப் பார்ப்பதாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 17(1A) பிரிவே சொல்கிறது. அந்த வரியை வக்கீல் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். என் கோரிக்கை முழுவதும் அதன் மேல்தான் நின்றது.

சூழ்நிலை என்றால் என்ன? ஷூ போட்டு நடந்தால் எனக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை. அலுவலகம், கடை, பஸ் எல்லாம் ஓடும். வீட்டு வாசலுக்கு வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும். கோயில் வாசலில் கழற்ற வேண்டும். சாவு வீடு, கல்யாண மண்டபத்து மணவறை, பூஜை அறை, நம் வாழ்க்கையில் முக்கியமானது எல்லாம் வெறுங்காலில்தான் நடக்கிறது. அந்த இடங்கள் அத்தனையிலும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அமெரிக்கக் கையேட்டில் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கேள்வி இருக்கிறது, கோயில் கல்தரையைப் பற்றி இல்லை.

வக்கீல் என்னை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். வலிக்கிறது என்று எழுதாதே, முன்பு செய்து இப்போது செய்ய முடியாததை எழுது, யார் யாரோடு செய்தாய், எவ்வளவு காலமாகச் செய்தாய் என்று எழுது, இதுதான் அவர் சொன்னது. நான் எழுதியவற்றில் சில:

தைப்பூசத்துக்குப் பால்குடம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எடுக்கிறேன். என் அம்மா எடுத்தார், ஆயா எடுத்தார். ஆற்றங்கரையில் பூஜை முடித்து, தார் ரோட்டில் வெயிலில் வெறுங்காலில் காவடிகளுக்குப் பின்னால் நடந்து கோயிலுக்குப் போவோம். இப்போது காரில் முன்னாலேயே போய்க் காத்திருக்கிறேன்.

ஆடி மாதக் கூழ். எங்கள் கோயிலில் விடியற்காலையில் பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சும் பெண்களில் நானும் ஒருத்தி. விறகு அடுப்புக்கு முன்னால் காலை அகட்டி நின்று துடுப்புப் போட வேண்டும். இரண்டு காலிலும் பலம் இல்லாமல் அது நடக்காது.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. சின்னப் பிள்ளைகளோடு பாயில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத்து எழுத வைப்பேன். தமிழ் பேசாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். அவர்களுக்கு அரிசியில் அ எழுதுவதுதான் விளையாட்டு. இப்போது நான் நாற்காலியில் இருக்கிறேன், பிள்ளைகள் கீழே இருக்கிறார்கள். குனிந்து கை பிடித்து எழுத வைக்க முடியவில்லை. வகுப்பை விடவில்லை, ஆனால் அது முன்பு இருந்த வகுப்பு இல்லை.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவதில்லை. மகள் விடமாட்டாள். எனக்கும் தைரியம் இல்லை.

இந்த நோட்டோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம், அதாவது அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்று மதிப்பிடும் நிபுணரிடம், அனுப்பினார்கள். ஆங்கிலேய வம்சத்துப் பெண்மணி, நம் வழக்கங்கள் அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரிந்தவர். பாதி நாள் பரிசோதித்தார். குந்தவைத்தார், பெட்டியைத் தூக்கிப் படியேறச் சொன்னார், வெறுங்காலில் நடக்கச் சொல்லி நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்கும் வந்தார். என் மகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அது மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் வந்தவரிடம் வலியைச் சொல்லமாட்டார்கள். டீ போட்டு, முறுக்கு வைத்து, நான் நன்றாக இருக்கிறேன் என்பார்கள். நான் இரவில் எழுந்து காலைத் தேய்ப்பதையும், விசேஷ வீடுகளுக்குப் போகாமல் சாக்குச் சொல்வதையும், முன்னைவிட அதிகம் எரிந்து விழுவதையும் என் மகள்தான் சொன்னாள். அறிக்கையில் அதைப் படித்தபோது அழுகை வந்தது. அவள் இத்தனையும் கவனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

கோயில் தலைவர் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார். இத்தனை வருடமாகப் பால்குடம் எடுத்தவர், கூழ் காய்ச்சியவர், விபத்துக்குப் பிறகு செய்வதில்லை என்று. பழைய போட்டோக்களைத் தேதியோடு சேர்த்தோம். தலையில் பால்குடத்தோடு வெறுங்காலில் நான் நிற்கும் படம் ஒன்று மருத்துவ அறிக்கையோடு இணைக்கப்பட்டது. இரண்டாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவர் இதையெல்லாம் படித்துவிட்டு, அதே 14 சதவிகிதத்தை எழுதி, அதன் கீழே விவரிப்புச் சோதனையின்படி இது நெடுங்காலக் கடுமையான குறைபாடு என்று காரணங்களோடு ஒன்றரைப் பக்கம் எழுதினார். எண் மாறவில்லை. காயம் சீரியஸ் என்று ஏற்கப்பட்டது.

எங்கள் டாக்ஸியில் இருந்த ஒரு வயதான அம்மாவின் விஷயத்தில் இன்னொன்று கற்றுக்கொண்டேன். ஜெனரல் டேமேஜஸ் கோரிக்கை அடிபட்டவரோடு ஒட்டியது. வழக்குப் போட்டு, இரு தரப்பு எழுத்து வாதங்களும் முடிவதற்கு முன்னால் அவர் இறந்துவிட்டால், அந்தப் பகுதி அவரோடு போய்விடும், பிள்ளைகளுக்கு வராது. ஆர்.ஏ.எஃப்-இல் கோரிக்கை கொடுத்து 120 நாள் ஆன பிறகே சம்மன் அனுப்பலாம். அந்த அம்மாவின் வக்கீல் அந்தக் கெடு முடிந்ததுமே சம்மன் அனுப்பினார். வீட்டில் பெரியவர்கள் அடிபட்டிருந்தால் ஆறப் போடாதீர்கள்.

தப்பு யாருடையது என்பதில் எனக்குச் சிக்கல் வரவில்லை. பயணி என்பதால் ஏதாவது ஒரு ஓட்டுநர் மேல் துளி தப்பு நிரூபணமானாலும் போதும். நீங்களே வண்டி ஓட்டியிருந்தாலோ ரோட்டைக் கடந்திருந்தாலோ உங்கள் பங்குத் தப்புக்கு ஏற்ப எல்லாத் தொகையும் குறையும்.

வக்கீல் விஷயம். வார்டில் படுத்திருந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் காகிதத்தோடு வந்து கையெழுத்துக் கேட்டார். அப்படி ஆள் விட்டு வழக்குப் பிடிப்பது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்ட வேலை. கையெழுத்துப் போடாதீர்கள். ஜெயித்தால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தத்துக்கு 1997-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. வழக்கமான கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது கிடைத்த தொகையில் 25 சதவிகிதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. 25 என்பது உச்சவரம்புதான், எல்லோரும் கொடுத்தாக வேண்டிய விலை இல்லை. இதை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டுப் போடுங்கள்.

தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள் என்றால், விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. இதே மாதிரிக் காயத்துக்கு முன்பு நீதிமன்றங்கள் கொடுத்த தொகைகளை எடுத்து, பணவீக்கத்தைச் சேர்த்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, உங்கள் வாழ்க்கையோடு ஒப்பிடுகிறார்கள். என் விஷயத்தில் விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டார்கள். என் தொகையை எழுதவில்லை. அதைப் பார்த்து உங்கள் காலுக்கு விலை போட்டுக்கொள்வீர்கள், அது சரியாக இருக்காது. வருமான இழப்பு எனக்கு ஒன்றுமே இல்லை, ஆகவே கிடைத்ததில் பெரும்பகுதி அந்த நான்காவது வகைதான். கோயில் கமிட்டியிலேயே சிலர், பால்குடத்தைப் போய்ப் பணக்கணக்கில் சேர்த்தாயே என்று கேட்டார்கள். நான் சாமிக்கு விலை பேசவில்லை. என்னிடமிருந்து எது போனதோ அதை உள்ளபடி சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் ஒன்றும் போகவில்லை என்றுதான் காகிதம் சொல்லியிருக்கும்.

இனி வரும் மருத்துவச் செலவுக்குப் பணமாகத் தரவில்லை, 17(4)(அ) பிரிவின்படி உறுதிச் சான்றிதழ் தந்தார்கள். தகட்டை எடுக்க, மூட்டுவாதம் முற்றினால் மூட்டை இணைத்துக் கட்ட, புது ஷூ வாங்க, இந்தக் காயத்தால் ஆகும் செலவு என்று காட்டினால் நிதியம் ஏற்கும். அசலைப் பத்திரமாக வைத்து, நகலைத்தான் மருத்துவமனைக்குக் கொடுக்கிறேன்.

கடைசியாகக் கெடுக்கள். இடித்த வண்டி யாருடையது என்று தெரிந்தால் விபத்து நாளிலிருந்து 3 வருடத்துக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடி, ஆள் தெரியாமல் போனால் 2 வருடம்தான். உங்கள் ஆர்.ஏ.எஃப் 4 ஏற்கப்படவில்லை, காயம் சீரியஸ் இல்லை என்று கடிதம் வந்தால், நீதிபதியிடம் நேரே போய்க் கேட்க முடியாது. அதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை இல்லை. கடிதம் தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் ஆர்.ஏ.எஃப் 5 படிவத்தை மருத்துவத் தொழில் கவுன்சிலின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். மூன்று தனி மருத்துவர்கள் கொண்ட தீர்ப்பாயம் அதைப் பார்க்கும். அங்கேயும் அவர்கள் முன் இருக்கப்போவது காகிதம்தான். ஆகவே நோட்டை இன்றே தொடங்குங்கள், கடிதம் வந்தால் தேதியைக் குறித்து அன்றைக்கே வக்கீலிடம் கொண்டு போங்கள்.